அன்று ஓரங்கட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தெந்தக் கார்கள் இதில் சேரும்?

1960களின் இறுதியிலிருந்து 1980களின் இறுதிக்குள் வந்து, கார்ப் பிரியர்களிடம் மரியாதை கிடைக்காமல் போனவை. போர்ஷே 914, போர்ஷே 924, டிரையம்ஃப் ஸ்டாக், டிரையம்ஃப் டிஆர்7, ஃபியட் எக்ஸ்1/9, மாத்ரா பகீரா, பான்டியாக் ஃபியேரோ, டிலோரியன் ஆகியவற்றை வைத்தே இங்கே பேசுகிறோம். எல்லாமே விற்காமல் தேங்கியவை அல்ல. 914 ஏறக்குறைய 1,19,000 விற்றது. ஃபியேரோ 3,70,000-ஐத் தாண்டியது. வாங்கினார்கள், ஆனால் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பத்து வருடத்தில் நான்காவது கைக்கு மலிவாகப் போய், ஆயில்கூட மாற்றப்படாமல் செத்தவைதான் அதிகம். இன்று மிஞ்சியிருக்கும் வண்டிகளின் பிரச்சினைகளில் பாதி அந்த மலிவுக் காலம் விட்டுப் போனவை.

ஏன் அப்படி ஒதுக்கினார்கள்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். 914-ஐப் போர்ஷேயும் ஃபோக்ஸ்வாகனும் சேர்ந்து செய்தன. பெரும்பாலானவற்றில் இருந்தது ஃபோக்ஸ்வாகனின் காற்றால் குளிரும் 4 சிலிண்டர் எஞ்சின். 911-இன் 6 சிலிண்டர் எஞ்சின் வைத்த 914/6 சுமார் 3,300 மட்டுமே வந்தது. அதனால் “இது அசல் போர்ஷே இல்லை” என்றார்கள். 924-க்கும் அதே கதி. முதலில் ஃபோக்ஸ்வாகனுக்காக வரைந்து, பிறகு போர்ஷே எடுத்துக்கொண்ட கார் அது, அதன் 2.0 லிட்டர் எஞ்சினின் பிளாக் ஃபோக்ஸ்வாகன் எல்டி வேனிலும் இருந்தது. “வேன் எஞ்சின்” என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

டிஆர்7 வேறு கதை. அதற்கு முந்தைய டிஆர் கார்கள் எல்லாம் கூரை திறந்தவை. 1975-இல் வந்த டிஆர்7 ஆப்பு வடிவத்தில், மூடிய கூரையோடு வந்தது. லிவர்பூல் அருகே ஸ்பீக் ஆலையில் வேலைநிறுத்தங்களுக்கு நடுவே கட்டியதில் தரமும் தள்ளாடியது. 1978-இல் அந்த ஆலையை மூடி உற்பத்தியைக் கவென்ட்ரிக்கும், பிறகு சோலிஹல்லுக்கும் மாற்றினார்கள். திறந்த கூரை மாடல் 1979-இல் வந்தது. கடைசியாக வந்த டிஆர்7-கள் முதலில் வந்தவற்றைவிடத் தெளிவாக நன்றாகக் கட்டப்பட்டவை.

ஃபியேரோவிலும் இதையே பார்க்கலாம். 1984 மாடலின் 4 சிலிண்டர் எஞ்சினில் கனெக்டிங் ராடு உடைந்து, ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டித் தீப்பிடித்த சம்பவங்கள் பெயரைக் கெடுத்தன. 1988-இல் சஸ்பென்ஷனை முழுதாக மாற்றிச் சரியான காராக்கினார்கள். அதே ஆண்டு உற்பத்தியை நிறுத்தியும் விட்டார்கள். இந்த வகைக் கார்களில் பொதுவாகக் கடைசி வருட மாடலைத் தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இவற்றை ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

வேகம் இல்லை. 914-இன் 1.7 லிட்டர் மாடல் 80 குதிரைத்திறன், 100 கி.மீ. வேகம் தொட சுமார் 13 விநாடி ஆகும். இன்றைய சாதாரணக் குடும்பக் கார் அதைத் தாண்டிப் போய்விடும். கிடைப்பது வேறு. எக்ஸ்1/9-இன் எடை 900 கிலோ சுமார். எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் ரோட்டின் ஒவ்வொரு நெளிவும் கைக்கு வருகிறது. வளைவில் முன்பக்கம் நினைத்த இடத்துக்குத் திரும்புகிறது. 60 கி.மீ. வேகத்திலேயே ஓட்டுகிற திருப்தி கிடைத்துவிடுவதால் அபாயமான வேகம் தேவைப்படுவதில்லை.

பிறகு அந்தந்தக் காருக்கே உரிய வினோதங்கள். பகீராவில் முன்வரிசையில் மூன்று பேர் பக்கம் பக்கமாக உட்காரலாம், பின்வரிசையே கிடையாது. 914-இன் கூரைத் தகட்டைக் கழற்றிப் பின் டிக்கியில் வைக்கலாம், முன்னால் இன்னொரு டிக்கி காலியாக இருக்கும். 924-இல் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். எடை இரண்டு அச்சுக்கும் ஏறக்குறைய சமமாக விழுவதால், ஈர ரோட்டில்கூட அந்த “வேன் எஞ்சின்” கார் நிதானமாக நிற்கும். இப்படி யோசித்து வரைந்த கார்களை இன்று யாரும் செய்வதில்லை. அதுதான் ஈர்ப்பு.

914-இன் கியர் சோற்றுக்குள் கரண்டி விட்டது போல இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

தேய்ந்த வண்டியில் உண்மை. கியர் லீவரிலிருந்து ஒரு நீண்ட தண்டு எஞ்சினைத் தாண்டிக் கியர்பாக்ஸ் வரை போகிறது. 1972 வரை வந்தவற்றில் அது கியர்பாக்ஸின் வால்முனையில் இணையும். 1973 முதல் பக்கவாட்டில். பின்னது நல்லது. எதுவானாலும் தண்டு கடந்து போகும் சின்ன பிளாஸ்டிக் புஷ்கள் பொடிந்துவிடும். தண்டைப் பிடிக்கும் கூம்பு ஸ்க்ரூ தளர்ந்துவிடும். புஷ்களை மாற்றி, ஸ்க்ரூவைத் தண்டின் குழியில் சரியாக உட்காரவைத்து இறுக்கினால் லீவர் தன் பாதையைத் தானே கண்டுபிடிக்கும். கியர்பாக்ஸையே குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கும். அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி.

ஸ்டாக் எஞ்சின் எப்போதும் சூடாகிக் கெடும் என்பது நியாயமான பெயரா?

பாதி நியாயம். 1970 முதல் 1977 வரை 25,877 ஸ்டாக்குகள் வந்தன. 2997 சிசி, வி8 (வி வடிவில் இரண்டு வரிசையாக 8 சிலிண்டர்). பிளாக் இரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். வாட்டர் பம்ப் எஞ்சினின் உச்சியில், வி-யின் நடுவே இருக்கிறது. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கொஞ்சம் குறைந்தாலும் முதலில் தண்ணீரில்லாமல் சுழல்வது பம்ப்தான். பம்ப் தள்ளாவிட்டால் சுற்றோட்டம் நின்று, ஹெட் வளைந்து, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் போகும். வார்ப்பு மணல் சரியாக எடுக்கப்படாத பிளாக்குகளில் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. இன்னொரு பக்கம், துருத்தடுப்பு கலந்த கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்கள் அலுமினியத்தை அரிக்கவிட்டார்கள். அந்த அழுக்கும் ரேடியேட்டரில்தான் போய்ச் சேர்ந்தது.

ஹெட்டைக் கழற்றும்போது அடுத்த தலைவலி. ஹெட்டைப் பிடிப்பதில் ஒரு பகுதி போல்ட், ஒரு பகுதி ஸ்டட் (தலையில்லாத மரையாணி). இரண்டும் வெவ்வேறு சாய்வில். ஸ்டட் அலுமினியத்தோடு அரித்துப் பிடித்துக்கொண்டால் ஹெட் மேலே வராது. டிஆர்7-இன் சாய்ந்த 4 சிலிண்டர் எஞ்சினிலும் இதே வில்லங்கம். உளி வைத்து நெம்பினால் ஹெட்டின் தளம் கெடும். துரு இளக்கும் எண்ணெயைப் பல நாள் ஊறவிட்டு, இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பூட்டி ஸ்டட்டை மெல்ல முன்னும் பின்னும் திருப்ப வேண்டும்.

சரியாகச் செய்த ஸ்டாக் எஞ்சின் சூடாகாது. செய்ய வேண்டியவை: ரேடியேட்டரைப் புதிய கோருடன் கட்டுவது, பிளாக்கின் வடிகால் பிளக்குகளைத் திறந்து சேறு போகும் வரை அலசுவது, காய்ச்சி வடித்த தண்ணீரும் கிளைகால் கூலன்ட்டும் சரிபாதி கலந்து 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது, கூலன்ட் மட்டம் குறைந்தால் எச்சரிக்கும் சென்சார் ஒன்றைப் பொருத்துவது. சாதாரண வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள். சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் முள் பொய் சொல்லும்.

வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின்கள் ஒற்றை வரிசை, நீளமானவை. 40,000 முதல் 48,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்ற சத்தம் ஓரிரு விநாடிக்கு மேல் நீடித்தால் அதற்குப் பிறகு ஓட்ட வேண்டாம். செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும்.

துருவை எங்கே தேடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். உடம்பு அரித்த காரை மீட்பது அதைவிடப் பல மடங்கு வேலை.

914-இல் பேட்டரி, எஞ்சின் அறையின் வலப்பக்கம் இருக்கிறது. அமிலமும், மேலே உள்ள கம்பிவலை வழியே இறங்கும் மழைநீரும் சேர்ந்து பேட்டரித் தட்டைத் தின்று, அதற்குக் கீழே வலது பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் தாங்கியில் சொட்டி, அங்கிருந்து வலது நீள்சட்டத்துக்குள் இறங்கும். உரிமையாளர்கள் அந்த இடத்தை “நரகக் குழி” என்றே அழைக்கிறார்கள். பேட்டரியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். கதவுக்குக் கீழே உள்ள பக்க மூடியைக் கழற்றிவிட்டு நீள்சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மந்தமான சத்தம் வந்தால் உள்ளே தகடு இல்லை. பிறகு கூரையைக் கழற்றி, கதவின் மேல் இடைவெளியையும் கீழ் இடைவெளியையும் அளந்து பாருங்கள். காரை ஜாக் ஏற்றும் இடத்தில் ஏற்றிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு பிடித்துக்கொண்டால் கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம். அந்த வண்டியை விட்டு வாருங்கள்.

எக்ஸ்1/9-இல் பின் ஷாக் அப்சார்பர் மேடைகள், கதவடி, கண்ணாடியின் கீழ் ஓரம், முன் டிக்கியின் தரை. 924-இல் பேட்டரித் தட்டு அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் காரின் உள்ளே இறங்கும். தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

பகீராதான் ஏமாற்றும். வெளித்தோல் முழுவதும் பாலியெஸ்டர், துருப்பிடிக்காது. உள்ளே இருக்கும் எஃகுச் சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு இல்லை. பளபளப்பான தோலுக்குள் சட்டம் இல்லாமலே போயிருக்கலாம். இதைப் புரிந்துகொண்டுதான் 1980-இல் வந்த மாத்ரா முரேனாவின் சட்டத்தைத் துத்தநாகத்தில் தோய்த்துச் செய்தார்கள். டிலோரியனும் அப்படியே: மேலே துருப்பிடிக்காத எஃகு, கீழே எபாக்சி பூசிய சாதாரண எஃகுச் சட்டம். எபாக்சி விரிசல் விட்ட இடத்தில் உள்ளே அரிப்பு இருக்கும்.

பட்டி போட்டு மறைத்ததைக் கண்டுபிடிக்க, சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள். பெயின்ட் அளவுமானி இருந்தால் ஆலைப் பூச்சு சுமார் 100–150 மைக்ரான் காட்டும். 1,000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி.

பார்க்கப் போகும் நாளில் எந்த வரிசையில் சோதிப்பது?

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எஞ்சின் ஆறியிருந்தால், ரேடியேட்டர் உள்ள கார்களில் அதன் மூடியைத் திறந்து கூலன்ட் நிறம் பாருங்கள்; செம்பழுப்பாக இருந்தால் துரு, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கேஸ்கெட்டில் சந்தேகம். ஸ்டார்ட் செய்து சூடானதும், கூலன்ட்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலக்கிறதா என்று காட்டும் நீல நிறத் திரவச் சோதனையைச் செய்யுங்கள். மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பிறகு கம்ப்ரெஷன்: சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10–15 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கடைசியாக டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 வருடம் தாண்டியதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வாங்கியாயிற்று. முதலில் எதைத் தொடுவது?

பெட்ரோல் குழாய்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்தக் கார்கள் எரிந்துபோனதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். 914-இல் நடுச் சுரங்கம் வழியே முன்னிருந்து பின்னுக்குப் போகும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் வயதானால் பழுப்பேறி, தொட்டால் ஒடியும். ஸ்டெயின்லெஸ் குழாயாக மாற்றுங்கள். எஞ்சின் பக்க ரப்பர் ஹோஸ்களை இன்ஜெக்ஷனுக்கு (பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் அமைப்பு) ஏற்ற ஜே30ஆர்9 தர ஹோஸாகப் போடுங்கள். கார்பரேட்டர் ஹோஸ் போதாது: 914-இன் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனில் அழுத்தம் சுமார் 2 பார், 924-இன் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனில் சுமார் 5 பார். கிளிப்பும் ஓரம் மடித்த இன்ஜெக்ஷன் கிளிப்பாக இருக்கட்டும். துளை போட்ட பட்டைக் கிளிப் ரப்பரை அறுத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் வேகமாகக் கெடுக்கும்.

அடுத்தது பிரேக். திரவத்தை முழுவதும் மாற்றுங்கள், இனி 2 வருடத்துக்கு ஒருமுறை. ஒரு சக்கரம் மட்டும் பிரேக்கை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் கேலிப்பரை அவிழ்க்கும் முன் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். உட்சுவர் வீங்கித் திரவம் திரும்ப விடாமல் அடைத்துக்கொள்ளும்.

பிறகு டைமிங் பெல்ட். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 924-இன் 2.0 லிட்டரில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனைத் தொடாது. அதன் தம்பி 944-இல் தொட்டுவிடும், எஞ்சின் போய்விடும்.

எக்ஸ்1/9-இல் கூலன்ட் மாற்றியதும் சூடாகிறதே?

காற்று அடைத்திருக்கிறது. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவே காரின் அடிப்பகுதியில் ஓடும் நீண்ட குழாய்கள். ஹீட்டர் வால்வை முழுதாகத் திறங்கள். கூலன்ட்டை மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் காற்று உள்ளேயே நின்றுவிடும். ரேடியேட்டரின் மேல் உள்ள காற்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் திரவம் வரும் வரை விட்டு மூடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்ததும் ஆறவைத்து மறுபடி காற்று எடுங்கள். இரண்டு மூன்று சுற்று தேவைப்படும். அடியில் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தால், இரண்டும் சூடாக இருக்கும்போது சுற்றோட்டம் சரி. ஒன்று சில்லென்று இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது. ஜாக்கைத் தப்பான இடத்தில் வைத்துக் குழாயை நசுக்கியிருக்கிறார்களா என்றும் குனிந்து பாருங்கள்.

மின்சாரக் கோளாறுகளுக்கு முடிவே இல்லையா?

பெரும்பாலும் எர்த் தான். பேட்டரி, எஞ்சின், பாடி ஆகியவற்றை இணைக்கும் பட்டைகளைக் கழற்றி, உலோகம் மின்னும் வரை தேய்த்து, வாசலின் தடவிப் பூட்டுங்கள். விளக்கை எரியவிட்டு, விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ்வுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் பழைய சுவிட்ச் வழியே போகும் கார்களில் இரண்டு ரிலே சேருங்கள். வெளிச்சம் கூடும், சுவிட்ச் பிழைக்கும்.

இன்ஜெக்ஷனைத் தூக்கிவிட்டுக் கார்பரேட்டர் போட்டால் தொல்லை தீருமா?

பெரும்பாலும் தீராது, இடம் மாறும். 914-இன் டி-ஜெட்ரானிக்கில் கெடுவது சில இடங்களே: மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரின் சவ்வு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் டிரிகர் பாயின்ட்கள், ஹெட் வெப்ப சென்சார், வெடித்த வேக்கம் ஹோஸ்கள். சென்சாரில் கைப் பம்பால் 15 அங்குல வேக்கம் இழுத்துப் பிடியுங்கள். சில நிமிடம் முள் இறங்காமல் நின்றால் சவ்வு நன்றாக இருக்கிறது. கே-ஜெட்ரானிக்கில், சூடான எஞ்சின் நிறுத்தியதும் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் பெட்ரோல் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் பியூயல் அக்யுமுலேட்டரைப் பாருங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பியூயல் டிஸ்ட்ரிபியூட்டரின் பிளஞ்சர் பழைய பெட்ரோல் பிசினில் ஒட்டியிருக்கும்.

வேறு எஞ்சின் வைத்த வண்டியை வாங்கலாமா?

ஸ்டாக்கில் ரோவர் வி8 வைத்தவை நிறைய உண்டு. நன்றாக ஓடும். ஆனால் ஸ்டாக்கின் அந்த உறுமல் அதன் சொந்த எஞ்சினுக்கே உரியது, அதை இழப்பது வருத்தம்தான். வாங்குவதானால் ரேடியேட்டர், எஞ்சின் தாங்கி, புரொபெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றை யார், எப்படிச் செய்தார்கள் என்ற கணக்கு இருக்கட்டும்.

உதிரிபாகம் கிடைக்குமா?

எஞ்சின், பிரேக் பாகங்கள் கிடைக்கும். காரணம், ஒருகாலத்தில் கேலி செய்த அதே விஷயம்: எல்லாம் சாதாரணக் கார்களிலிருந்து எடுத்தவை. எக்ஸ்1/9-இன் எஞ்சின் ஃபியட் 128 குடும்பம்; 924-இன் முன் சஸ்பென்ஷன் கைகள் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுக்கு உறவு. கிடைக்காதவை கண்ணாடி, விளக்குச் சட்டம், சீட் துணி, டாஷ்போர்டு, ரப்பர் ஓரங்கள். அதனால் எஞ்சின் செத்த முழுமையான காரை வாங்கலாம். எஞ்சின் ஓடும் அரைகுறைக் காரை வாங்கக் கூடாது.

டிலோரியனின் எஃகில் கீறலை எப்படி எடுப்பது?

லேசான கீறல் என்றால் நைலான் தேய்ப்புப் பட்டையால், எஃகின் இழை போகும் திசையிலேயே, ஒரே நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் தனியாகத் தெரியும். எஃகு நார் வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்.

முதல் காராக எதை எடுப்பது?

924. உடம்பு உறுதி, எஞ்சின் பிடிவாதமாக உழைக்கும், பின்கதவு திறந்தால் சாமான் வைக்க இடம். கிளட்ச் நிலையை மட்டும் முன்பே பாருங்கள்; மாற்ற எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் டியூப் என்று பின்னாலிருந்து வரிசையாக இறக்க வேண்டும். ஸ்பேனர் பிடிக்க ஆசை உள்ளவருக்கு எக்ஸ்1/9. ஸ்டாக்கை இரண்டாவது காராக வாங்குங்கள்.

தினமும் ஓட்டலாமா?

வாரம் ஒருமுறை, எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து அரை மணி நேரமாவது ஓடும்படி எடுப்பது நல்லது. ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல். ஆயிலில் ஈரம் சேரும்.

சில மாதம் நிறுத்திவைக்க வேண்டுமானால்?

புது ஆயில் போட்டு நிறுத்துங்கள். டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் கரைசலைச் சேர்த்து, அது இன்ஜெக்டர் வரை போகும்படி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிச் சிறு மின்னோட்ட சார்ஜரில் வையுங்கள். 914-ஆக இருந்தால் பேட்டரித் தட்டையும் சோடா உப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மறுபடி எடுக்கும் நாளில், ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் செய்து, பெட்ரோல் பம்ப் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸின் முனையையும் வெறும் விரலால் தடவிப் பாருங்கள். சாவி ஆனில் பம்ப் ஓடாத மாடலில் பம்ப் ரிலேவைத் தற்காலிகமாக இணைத்துச் சோதிக்கலாம். விரலில் ஈரம் பட்டால் சாவியை அணைத்துவிட்டு அந்த ஹோஸை முதலில் மாற்றுங்கள்.